தட்டு சுழல்கிறது, படம் வரவில்லை: டிவிடியைக் கணினியில் ஓட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: "புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வாங்கி, 2009இல் நடந்த அக்கா கல்யாண டிவிடியைப் போட்டேன். தட்டு சுழலும் சத்தம் கேட்கிறது, படம் ஓடவில்லை. இரண்டு ஃபோல்டர் மட்டும் தெரிகிறது. டிரைவ் கெட்டதா, தட்டு கெட்டதா, இல்லை காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?"

மூன்றும் இல்லை. ஃபோல்டர் தெரிகிறது என்றாலே டிரைவ் தட்டைப் படித்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் லேப்டாப்பில் இல்லாதது டிவிடியை ஓட்டும் மென்பொருள் மட்டும்தான். அதை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. ஆனால் பதினைந்து வருடத்துக்கும் மேலான கல்யாணத் தட்டு என்கிறீர்கள். அதனால் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மென்பொருள் ஏன் இல்லை என்று பார்த்துவிடுவோம். "பழைய கம்ப்யூட்டரில் எதுவும் போடாமலே ஓடியதே" என்று பலர் கேட்பார்கள். எதுவும் போடாமல் ஓடவில்லை, வேறு யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும், ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல். இரண்டுக்கும் காப்புரிமை இருந்தது. இவற்றை விரித்துக் காட்டும் மென்பொருளோடு விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு மூன்று டாலர் உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதி கிடையாது. டிரைவோடோ கணினியோடோ பவர்டிவிடி, வின்டிவிடி மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில்தான் படம் பார்த்தோம். விண்டோஸ் 7இன் ஹோம் பிரீமியத்திலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்டே அதைச் சேர்த்தது. இந்தியா போன்ற நாடுகளுக்கென்று விற்ற மலிவான ஹோம் பேசிக்கில் அது இல்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது எல்லாப் பதிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். மெல்லிய லேப்டாப்புகளில் டிரைவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, இல்லாத டிரைவுக்கு எதற்கு உரிமத் தொகை என்பது கணக்கு. 2015இல் விண்டோஸ் 10 வந்ததும், டிவிடி ஓட்டும் வசதி கொண்ட மீடியா சென்டர் என்ற செயலியும் போனது. பதிலுக்கு "விண்டோஸ் டிவிடி பிளேயர்" என்று ஒரு செயலியை மைக்ரோசாஃப்டின் இணையக் கடையில் வைத்தார்கள். மீடியா சென்டர் இருந்த பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு அமெரிக்க விலையில் 14.99 டாலர். அதை வாங்காதீர்கள். டால்பியின் அந்தப் பழைய காப்புரிமை 2017இலும், அமெரிக்காவில் எம்பெக்-2க்கான கடைசிக் காப்புரிமை 2018இலும் காலாவதியாகிவிட்டன. ஆனால் அதற்குள் டிவிடி பார்ப்பவர்கள் குறைந்துவிட்டதால் எடுத்ததைத் திரும்ப வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் "எம்பெக்-2 வீடியோ எக்ஸ்டென்ஷன்" என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கும். அதைப் போட்டால் டிவிடி ஓடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது தனி வீடியோ கோப்புகளுக்கு உதவும், மெனுவோடு கூடிய டிவிடி தட்டை ஓட்டாது.

சரி, வேலைக்கு வருவோம். விஎல்சி மீடியா பிளேயர் போதும். பாரிஸில் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வீடியோலேன் திட்டத்தில் பிறந்தது இது. 2001இலிருந்து கட்டற்ற மென்பொருள், காசு, விளம்பரம் எதுவும் கிடையாது. ஆனால் எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பது முக்கியம். தேடலில் முதலில் வருவதைச் சொடுக்காதீர்கள், வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்துக்கே போங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து சில மாதங்கள் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. வீடியோலேன் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கண்ட இடத்திலிருந்து விஎல்சி என்று எதையோ இறக்கி, கூடவே நாலு தேவையில்லாத டூல்பாரையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் லேப்டாப்புகளை நானே சுத்தம் செய்திருக்கிறேன். இப்போது அந்தத் தடை இல்லை.

நிறுவியதும் தட்டைப் போட்டு, அது சுழன்று நிதானமாகும் வரை விடுங்கள். விஎல்சியைத் திறந்து மேலே "மீடியா" மெனுவில் "ஓப்பன் டிஸ்க்". கண்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினாலும் அதே பெட்டிதான் வரும். அதில் டிவிடி, ப்ளூ-ரே, ஆடியோ சிடி, விசிடி என்று வரிசையாக வட்டங்கள் இருக்கும். டிவிடியைத் தேர்ந்தெடுங்கள். கீழே "டிஸ்க் டிவைஸ்" என்ற இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். "திஸ் பிசி"யில் டிவிடி டிரைவுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து தெரிகிறதோ அதுதான் இங்கேயும் இருக்க வேண்டும். பிறகு "ப்ளே". கொஞ்ச நேரம் கறுப்புத் திரைதான் தெரியும். அதற்குள் பதறி நான்கு தடவை சொடுக்காதீர்கள், டிரைவ் அங்கேயும் இங்கேயும் ஓடிக் குழம்பும்.

கல்யாண டிவிடி என்றால் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை பெண் படம், ஓரத்தில் ரோஜாப்பூ சுற்ற, நடுவில் ரிசப்ஷன், முகூர்த்தம், நலங்கு என்று பொத்தான்கள் வரும். சுட்டியாலேயே சொடுக்கலாம். சில ஸ்டுடியோக்கள் அவசரத்தில் செய்த மெனு, எதைத் தொட்டாலும் நகராது. அப்போது அந்தப் பெட்டிக்கே திரும்பிப் போய் "நோ டிஸ்க் மெனுஸ்" என்பதில் டிக் போட்டு ஓட்டுங்கள், நேராகப் படத்துக்குப் போய்விடும்.

படம் ஓடும்போது யாராவது கையை வேகமாக அசைத்தால் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால், தட்டில் கோளாறு இல்லை. அந்தக் கால வீடியோ கேமரா நொடிக்கு 25 படத்தை, ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று 50 பாதிகளாக எடுத்தது. பழைய பெட்டி டிவி அவற்றை அப்படியே காட்டும். லேப்டாப் திரை இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டுவதால் சீப்பு வருகிறது. விஎல்சியில் டி விசையை மட்டும் ஒரு தட்டுத் தட்டுங்கள், கோடு போய்விடும்.

இனி அந்த இரண்டு ஃபோல்டர் விஷயம். "ஆடியோ_டிஎஸ்" பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சரக்கு எல்லாம் "வீடியோ_டிஎஸ்" உள்ளே இருக்கிறது. அங்கே விஓபி என்று முடிபவைதான் படமும் ஒலியும். ஐஎஃப்ஓ என்பவை எங்கே எது இருக்கிறது என்ற அட்டவணை. பியுபி என்பவை அந்த அட்டவணையின் நகல், ஒன்று கெட்டால் இன்னொன்று உதவட்டும் என்று வைத்தது. ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதனால்தான் இரண்டு மணி நேரக் கல்யாணம் நாலைந்து துண்டாகத் தெரிகிறது. அவற்றில் ஒன்றை விஎல்சியில் இழுத்துப் போட்டாலும் ஓடும், ஆனால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில், சில சமயம் ஐயர் மந்திரம் சொல்லும்போதே பாதியில் நிற்கும்.

இதெல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தை. வெளி டிரைவ் தட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் அதிகம் இழுக்கும். பழைய யுஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் தொங்கும் ஒரு ஹப்பில் இதையும் செருகினால் சுழன்று சுழன்று நிற்கும், டக் டக் என்று சத்தம் வரும், டிரைவே காணாமல் போய்த் திரும்ப வரும். ஹப்பை விட்டுவிட்டு லேப்டாப்பின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். டிரைவோடு இரண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். இரண்டாவது தலை மின்சாரத்துக்குத்தான், அழகுக்கு இல்லை.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி என்றால் வேறு இரண்டு பூட்டுகள் இருக்கலாம். ஒன்று பிராந்திய எண், தட்டு எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிப்பது. இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இங்கிலாந்து 2, அமெரிக்காவும் கனடாவும் 1. தமிழ்ப்பட டிவிடிகள் பல எல்லாப் பிராந்தியத்திலும் ஓடும்படியே வந்தன. லண்டனிலும் டொரண்டோவிலும் விற்றாக வேண்டுமே. ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆங்கிலப் படத் தட்டு அடம்பிடிக்கலாம். 2000க்குப் பிறகு வந்த டிரைவ்களில் இந்த எண் டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது, மொத்தம் ஐந்து தடவைதான் மாற்றலாம். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் அந்தக் கணக்கு மறையாது. "டிவைஸ் மேனேஜரில்" டிரைவின் "பிராப்பர்ட்டீஸ்" திறந்தால் "டிவிடி ரீஜன்" என்ற பக்கம் இருக்கும். புது டிரைவில் எதுவும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் இந்தியாவை வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு பூட்டு சிஎஸ்எஸ் என்ற மறையாக்கம். 40 பிட் சாவி, இன்றைய கணக்கில் கொல்லைக் கதவுக்குப் போட்ட கயிறு மாதிரி. 1999இல் அதை உடைக்கும் நிரல் வெளிவந்தது. அதற்காக நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்ற பதின்வயதுப் பையன் மீது வழக்குப் போட்டார்கள். தான் வாங்கிய தட்டைத் தானே பார்ப்பது குற்றமில்லை என்று 2003இல் இரண்டு நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன. விஎல்சிக்குள் இதற்கென்றே ஒரு துணை நிரல் இருப்பதால் நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. வாங்கிய படத்தை வீட்டில் ஓட்டிப் பார்ப்பது ஒன்று, நகலெடுத்து விற்பது வேறு. உங்கள் கல்யாணத் தட்டில் இந்த இரண்டு பூட்டுமே இருக்காது.

மேக் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லையே இல்லை. டிவிடி பிளேயர் என்ற செயலி உள்ளேயே இருக்கிறது, தட்டைப் போட்டால் தானாகத் திறக்கும். உபுண்டு லினக்ஸில் விஎல்சியோடு "லிப்டிவிடி-பிகேஜி" என்ற தொகுப்பையும் நிறுவி, அது கேட்கும் கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும். அது கடைப்படத்துக்குத்தான், கல்யாணத் தட்டுக்கு விஎல்சியே போதும். அலமாரியில் விசிடி இருந்தால், "எம்பெக்ஏவி" ஃபோல்டருக்குள் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். அதையும் விஎல்சி ஓட்டும், படத் தரம்தான் குறைவு.

இப்போது முன்பு சொன்ன விஷயம். படம் ஓடியதா? நல்லது, அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். கடையில் விற்ற சினிமா டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது. கல்யாண ஸ்டுடியோ கொடுத்தது அப்படியில்லை, பின்பக்கம் லேசாக ஊதா அடிக்கும் டிவிடி-ஆர். அதில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டுத்தான் எழுதியிருக்கும். வெயில், புழுக்கம், ஈரம் எல்லாம் அந்தச் சாயத்தை மெல்லத் தின்னும். பீரோ மேல் தட்டில், ஆல்பத்தோடு வந்த பிளாஸ்டிக் உறையில் பதினைந்து கோடைகளைப் பார்த்த தட்டு இது.

எங்கள் வீட்டுக் கதையே உதாரணம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது, இரண்டு டிவிடி கொடுத்தார்கள். அப்பா போன பிறகு ஒரு நாள் அம்மா கேட்டார் என்று போட்டேன். முதல் தட்டு நன்றாக ஓடியது. இரண்டாவதில் கலச நீர் ஊற்றும் இடம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்பாவின் தலைக்கு மேல் குடம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. கோப்பை நகலெடுக்கப் பார்த்தால் "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று விண்டோஸ் பிழை காட்டியது. மெல்லிய துணியால் துடைத்தேன், பயனில்லை. மறுநாள் பக்கத்து வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய டெஸ்க்டாப்பைக் கேட்டு வாங்கி அதில் போட்டேன். உர்ர் என்று பத்து நிமிடம் முனகிவிட்டு அந்த டிரைவ் முழுவதையும் படித்துக் கொடுத்தது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இதில் நியாயமே கிடையாது. டெஸ்க்டாப்பின் கனமான டிரைவ்கள் இந்த விஷயத்தில் மெல்லியவற்றைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது என் அனுபவம்.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், அதைச் சமாளிப்பது டிரைவுக்குக் கஷ்டம். பற்பசை, வாழைப்பழத் தோல் வைத்தியங்கள் எதுவும் வேண்டாம்.

நகலெடுப்பது எளிது. வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்து ஹார்டு டிஸ்கில் போடுங்கள். ஒரு தட்டு பெரும்பாலும் 4.7 ஜிபிக்குள் இருக்கும், கால் மணி நேரம் ஆகலாம். அந்த ஃபோல்டரை விஎல்சியில் திறந்தால் மெனு, ரோஜாப்பூ எல்லாவற்றோடும் தட்டு மாதிரியே ஓடும். இதுதான் மூலப்பிரதி, இதை அழிக்காதீர்கள். பாதியில் பிழை வந்தால் ஃபோல்டரை மொத்தமாக விட்டுவிட்டு விஓபி கோப்புகளை ஒவ்வொன்றாக எடுங்கள், கெட்ட ஒன்றைத் தவிர மற்றவை வந்துவிடும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கேளுங்கள். எந்தெந்த இடம் படிக்கவில்லை என்று அது குறித்துவைக்கும். அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டு விட்ட ஓட்டைகளை மட்டும் நிரப்பலாம்.

ஒரு விதிவிலக்கு: தட்டைப் போட்டதும் "காலித் தட்டு" என்று விண்டோஸ் சொன்னால், ஆனால் பின்பக்கம் நிறம் மாறிய வட்டம் கண்ணுக்குத் தெரிந்தால், ஸ்டுடியோக்காரர் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது எழுதியதை முடித்து மூடாமல், கொடுத்திருக்கலாம். ஐசோபஸ்டர் மாதிரி மீட்பு மென்பொருள் சில சமயம் உள்ளே இருப்பதைக் காட்டும். அதற்கு முன் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிவியில் பார்ப்பதற்கும் வாட்ஸ்அப் குடும்பத்துக்கு அனுப்புவதற்கும் எம்பி4 வேண்டும். அதற்கு ஹேண்ட்பிரேக், இதுவும் இலவசம். நகலெடுத்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அதில் திறந்தால் துண்டுகளைத் தானே சேர்த்து, டைட்டில் என்று காட்டும். நீளமானதுதான் கல்யாணம், மற்றவை மெனு அசைவும் ஸ்டுடியோ விளம்பரமும். முன்னமைவில் "ஃபாஸ்ட் 576பி25" எடுங்கள், நம்மூர் டிவியின் பிஏஎல் (PAL) முறை வீடியோவுக்கு அளவாக இருக்கும். 1080பிக்கு ஏற்றினால் கோப்புதான் பெருக்கும், முகம் தெளிவாகாது. "ஃபில்டர்ஸ்" பக்கத்தில் டீஇன்டர்லேஸ் அல்லது டீகாம்ப் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், சீப்புக்கோடு நிரந்தரமாகப் போய்விடும். இரண்டு மணி நேரக் கல்யாணம் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும்.

பென் டிரைவில் போட்டு டிவியில் செருகும்போது, எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பது நினைவிருக்கட்டும். இந்த எம்பி4க்கு அந்தப் பிரச்சினை வராது. கோப்பு தயாரானதும் அக்காவுக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள், அவர் வீட்டிலும் இப்போது டிவிடி டிரைவ் இருக்க வாய்ப்பில்லை.